பார்க்க முடியாத வெளிச்சம்

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது. நண்பர் இருபத்தைந்து ஆண்டுகளாகப் படம் எடுப்பவர். தம்முடைய எஸ்.எல்.ஆர். கேமராவை விற்றுவிட்டு மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கி, அன்றுதான் முதன்முதலாக ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்திருந்தார். எண்பது வயதைக் கடந்த தன் பாட்டியை ஓர் இளைஞன் அழைத்து வந்திருந்தான். பாட்டி தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையாம். ஒன்று எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். (இத்தகைய படங்கள் எதற்காக எடுக்கப்படுகின்றன என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பாட்டி உட்பட.) நண்பர் விளக்குகளைச் சரிசெய்து, வழக்கமான அளவுகளை வைத்துவிட்டு, வியூஃபைண்டரில் கண்ணைப் பதித்தார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு. லென்ஸ் மூடியைக் கழற்றவில்லையோ என்று பார்த்தார். கழற்றித்தான் இருந்தது. “என்ன தம்பி, நான் தெரியலையா?” என்று கேட்டார் பாட்டி.

கேமராவில் கோளாறு ஏதுமில்லை. மிரர்லெஸ் கேமராவின் வியூஃபைண்டர் என்பது ஒரு சிறிய மின்திரை. வைத்திருக்கும் அளவுகளில் படம் எப்படி வருமோ அப்படியே முன்கூட்டிக் காட்டுவது அதன் பெருமை. ஸ்டுடியோவில் ஷட்டர் 1/200 நொடி, அப்பெர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால், அறையில் எரியும் சாதாரண விளக்கின் வெளிச்சம் தேவையானதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் இருக்கும். மீதி முழுவதையும் கொடுக்கப்போவது ஸ்ட்ரோப் விளக்கு. அதுவோ இன்னும் எரியவே இல்லை. ஆகவே கேமரா உண்மையைத்தான் சொன்னது: இந்த அளவுகளில், இந்த வெளிச்சத்தில், பாட்டி தெரியமாட்டார்.

அந்தக் கறுப்பு, சாதனத்தோடு புதிதாக வந்த ஒன்றென்று எனக்குத் தோன்றவில்லை. செயற்கை மின்னலைக் கொண்டு படம் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்தே, எடுப்பவர் தாம் எடுக்கப்போகும் படத்தைக் கண்ணால் கண்டதில்லை. இல்லாத வெளிச்சத்தை மனத்தில் ஊகித்துக்கொண்டு, இருட்டிலோ அரையிருட்டிலோ பொத்தானை அழுத்துவதுதான் இந்தத் தொழில். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இந்தக் குருட்டுத்தனத்தை யார் யார் எப்படிச் சமாளித்தார்கள் என்பது சுவையான வரலாறு.

1851-ஆம் ஆண்டு லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் ஒரு பரிசோதனை செய்தார். காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். டைம்ஸ் நாளிதழின் ஒரு பகுதியைச் சக்கரத்தில் ஒட்டி வேகமாகச் சுழலவிட்டு, இருட்டறையில் லைடன் ஜாடிகளில் சேமித்த மின்சாரத்தை ஒரே பொறியாகப் பாயவிட்டார். சுழன்றுகொண்டிருந்த தாளின் எழுத்துகள் தகட்டில் நின்றுவிட்டன. இன்று ஸ்டுடியோவில் நாம் பயன்படுத்தும் ஸ்ட்ரோப்பின் தத்துவம் முழுவதும் அந்தப் பொறியில் இருக்கிறது. மின்சாரத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒரே கணத்தில் செலவழித்து, அந்தக் கணத்தின் குறுமையையே ஷட்டராகப் பயன்படுத்திக்கொள்வது. ஆனால் அது எண்பது ஆண்டுகள் ஏறக்குறைய வித்தையாகவே கிடந்தது. பொறியின் வெளிச்சம் ஒரு துண்டுக் காகிதத்துக்குப் போதும். ஒரு மனித முகத்துக்குப் போதாது.

முகத்துக்கு வேறு வழிகளைத் தேடினார்கள். பாரிஸில் நடார் 1860-களின் தொடக்கத்தில் பாட்டரிகளால் எரியும் வில்விளக்கைப் பாதாளக் கல்லறைகளுக்குள் எடுத்துச் சென்றார். அந்த விளக்கில் வெளிச்சத்தைக் கண்ணால் காணலாம். ஆனால் ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம்வரை ஆனது. அத்தனை நேரம் அசையாமல் நிற்க உயிருள்ள மனிதனால் இயலாது என்பதால், எலும்புகளை அடுக்கும் தொழிலாளிக்குப் பதிலாக உடையணிவித்த பொம்மைகளை நிறுத்தினார். பார்க்கக்கூடிய வெளிச்சத்தில் பொம்மையைத்தான் எடுக்க முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

பிறகு மக்னீசியம். 1865-இல் வானியலாளர் சார்லஸ் பியாஸி ஸ்மித் கீஸாவின் பெரிய பிரமிடுக்குள் மக்னீசியத்தைக் கொளுத்திப் படம் எடுத்தார். 1887-இல் ஜெர்மனியில் அடோல்ஃப் மீத்தேயும் யோஹன்னஸ் கேடிக்கேயும் மக்னீசியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டையும் ஆண்டிமனி சல்ஃபைடையும் கலந்து ‘பிளிட்ஸ்லிக்ட்’ என்ற கலவையை உண்டாக்கினார்கள். மின்னல் வெளிச்சம் என்று பொருள். பட்டாசுக்காரர்களுக்கு இந்தக் கலவையைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்து உடனே பற்றிக்கொண்டவர் நியூயார்க்கின் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கிலிருந்து குடியேறியவர், போலீஸ் செய்திகளை எழுதிய நிருபர். சேரிகளில் ஏழைகள் அடைந்துகிடந்த அறைகளைப் பற்றி அவர் எழுதி எழுதிப் பார்த்தும் யாரும் அசையவில்லை. அந்த அறைகளுக்குள் பகலிலேயே வெளிச்சம் கிடையாது. மின்னல் பொடி கிடைத்ததும் இரவில் உள்ளே நுழைந்தார். தொடக்கத்தில் பொடியைத் துப்பாக்கி வடிவிலான சாதனத்தில் வெடிக்கவைத்தார். அது மனிதர்களை மிரளவைத்ததால் பின்னர் வாணலியில் பொடியைக் கொட்டிக் கொளுத்தினார். இருமுறை வீட்டுக்குத் தீ வைத்துவிட்டதையும் ஒருமுறை தம்மையே கொளுத்திக்கொண்டதையும் அவரே பதிவுசெய்திருக்கிறார். 1890-இல் வெளிவந்த அவருடைய நூல் நியூயார்க்கின் குடியிருப்புச் சீர்திருத்தத்தில் பெரும்பங்கு வகித்தது.

பேயார்ட் தெருவில், ஆளுக்கு ஐந்து சென்ட் வாடகையில் தரையிலும் பலகையிலும் அடுக்கிக் கிடந்த மனிதர்களை அவர் எடுத்த படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தூக்கம் கலையாத முகங்கள், கூசிச் சுருங்கிய கண்கள், மூட்டைகள், தட்டுமுட்டுச் சாமான்கள், அழுக்கேறிய சுவர். யாரும் அனுமதி தந்ததாகத் தோன்றவில்லை. என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்து, புகை மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் ரீஸும்கூட அந்த அறையைப் பார்க்கவில்லை. கண்ணைப் பறிக்கும் ஒரு வெடிப்பு; மறுபடி இருட்டு. அந்த அறைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள், மூலையில் என்ன இருந்தது என்பதையெல்லாம் தகட்டைக் கழுவிய பிறகுதான் அவரே கண்டிருக்க முடியும். அவர் செய்தது நியாயமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். அந்தப் படங்கள் இல்லாமல் அந்தச் சட்டங்கள் வந்திருக்குமா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பது என் எண்ணம்.

புகையையும் தீயையும் ஒழித்தது ஃபிளாஷ் பல்பு. 1929-இல் ஜெர்மனியில் வந்தது. பிராணவாயு நிரப்பிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய அலுமினியத் தகடு. மின்சாரம் பாய்ந்ததும் எரிந்து முடியும். ஒரு படத்துக்கு ஒரு பல்பு. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கோட்டுப் பைகளை இவற்றால் நிரப்பிக்கொண்டு அலைந்தார்கள்.

இந்தப் பல்புகளைக் கொண்டு ஒருவர் செய்த காரியத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற அமெரிக்கர் 1950-களின் பிற்பகுதியில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்பாதையின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவு நேரத்தில் படமெடுத்தார். ஓடும் ரயில், சுற்றிலும் கும்மிருட்டு. பல நாட்கள் உழைத்துக் கம்பி இழுத்து, பல்புகளை மறைவிடங்களில் பொருத்தி, எந்த விளக்கு எதன்மேல் எவ்வளவு விழும் என்று காகிதத்தில் கணக்கிட்டு வைப்பார். ரயில் குறித்த இடத்துக்கு வரும் கணம் ஒன்றே ஒன்று. ஒத்திகை கிடையாது.

1956-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஐகர் என்ற ஊரில், திறந்தவெளித் திரையரங்கு ஒன்றை ஒட்டி ரயில் கடக்கும் காட்சியை அப்படி எடுத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட பல்புகள். முன்னால் திறந்த காரில் ஓர் இளம் இணை. நடுவே திரை, அதில் ஒரு ஜெட் விமானம். பின்னால் வெண்புகை கக்கிக்கொண்டு ரயில். போகிற யுகமும் வருகிற யுகமும் ஒரே படத்தில். ஆனால் நெகட்டிவில் விமானம் இல்லை. நாற்பது பல்புகளின் வெளிச்சம் திரைமேல் விழுந்து அதிலிருந்த பிம்பத்தைத் துடைத்துவிட்டிருந்தது. விமானத்தைத் தனி நெகட்டிவிலிருந்து பின்னால் சேர்த்தார். அன்றிரவு அங்கு உட்கார்ந்திருந்தவர்கள் விமானத்தைக் கண்டார்கள், ரயிலை ஓசையாகவும் நிழலாகவுமே அறிந்தார்கள். கேமராவோ ரயிலைக் கண்டது, விமானத்தைக் காணவில்லை. மின்னொளியின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேறு எனக்குத் தெரியாது. கண் காண்பதை அது அழித்துவிட்டுத் தன் காட்சியை அங்கு வைக்கிறது.

டால்பட்டின் பொறியை மீண்டும் உயிர்ப்பித்தவர் ஹரோல்ட் எட்ஜர்ட்டன். 1903-இல் பிறந்தவர், நெப்ராஸ்காவில் வளர்ந்தவர். அவருக்குப் புகைப்படத்தில் அப்போது அக்கறை கிடையாது. எம்.ஐ.டி.யில் மின்மோட்டார்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். பாதரச ஆவிக் குழாய் ஒன்று மின்சாரத்தின் தாளத்துக்கேற்ப மின்னிக்கொண்டிருக்க, அந்த ஒளியில் சுழலும் மோட்டார் அசையாமல் நிற்பதாகத் தெரிந்தது. அங்கிருந்து 1931-இல் அவருடைய ஸ்ட்ரோபோஸ்கோப் பிறந்தது. மோட்டாருக்குச் செய்ததைப் பால்துளிக்கும், பலூனைத் துளைக்கும் தோட்டாவுக்கும், ரீங்காரச் சிட்டின் இறகுக்கும் செய்துபார்த்தார். தட்டில் விழுந்த பால்துளி கிரீடமாக எழும் படத்தைப் பள்ளிப் புத்தகங்களிலேயே பலர் கண்டிருக்கலாம். 1944-இல் அவருடைய பெரிய மின்னொளிக் கருவிகள் விமானங்களில் ஏற்றப்பட்டன. இருளில் மூழ்கிய ஸ்டோன்ஹெஞ்சைப் பரிசோதனையாக வானிலிருந்து ஒளியூட்டி எடுத்த படம் ஒன்று உண்டு. அதே கருவிகள் அந்த ஜூன் மாதத்தில், நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முந்தைய இரவில், ஜெர்மானியப் படைகளின் நடமாட்டத்தை வேவு பார்க்கப் பயன்பட்டன.

ஸ்டுடியோவுக்குள் இந்த விளக்கு நுழைந்ததும் எட்ஜர்ட்டன் வழியாகத்தான். 1940-ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய வடிவமைப்பைக் கொண்டு ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் ‘கோடாட்ரான்’ என்ற ஸ்டுடியோ விளக்கை விற்றது. போருக்குப் பின் ஐரோப்பியர்கள் இதைத் தொழிலாக்கினார்கள். சுவிட்சர்லாந்தில் 1958-இல் பிரான் நிறுவனம், 1962-இல் எலின்குரோம், சுவீடனில் 1968-இல் புரோஃபோட்டோ. உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. பெரிய மின்தேக்கிகள் ஓரிரு நொடிகளில் நிரம்பும். செனான் வாயு நிரம்பிய வளையக் குழாயின் வழியே ஆயிரத்தில் ஒரு நொடி அளவில் காலியாகும். வெளிச்சத்தின் நிறம் நண்பகல் வெயிலை ஒத்திருக்கும். குழாய் வளையத்தின் நடுவே ஒரு சாதாரண பல்பு எரிந்துகொண்டே இருக்கும். இதற்கு மாடலிங் விளக்கு என்று பெயர். இதன் வெளிச்சம் படத்தில் விழுவதில்லை. நிறமும் வேறு, வலுவும் வேறு. ஆனால் ஸ்ட்ரோப் எங்கிருந்து பாயுமோ அங்கிருந்தே வருவதால், மூக்கின் நிழல் எந்தப் பக்கம் சாயும், கண்ணுக்குக் கீழே குழி விழுமா என்று முன்னதாகச் சொல்லிவிடும். ஜோசியம் மாதிரி என்று சொல்லலாம். பெரும்பாலும் பலிக்கிற ஜோசியம்.

மீதியைப் படம் கழுவித்தான் பார்க்கவேண்டும். 1948-இல் ஃபிலிப் ஹால்ஸ்மன், சல்வடோர் டாலியை அந்தரத்தில் குதிக்கவைத்து, மூன்று பூனைகளையும் ஒரு வாளித் தண்ணீரையும் வீசச்சொல்லி, அத்தனையும் காற்றில் உறைந்து நிற்கும் படத்தை எடுத்தார். 28 முறை முயன்றதாகச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் அவர் இருட்டறைக்குப் போய்ப் ஃபிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டு வருவார். அதற்குள் மற்றவர்கள் தரையைத் துடைத்துப் பூனைகளைப் பிடித்து ஈரம் போக்கி வைப்பார்கள். பூனைகளின் தரப்பை யாரும் கேட்டெழுதவில்லை.

இந்த இடத்தில் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவேண்டும். எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியே வரும் காட்சியை ஒரு சாய்ந்த கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழும்பும், ஷட்டர் திறக்கும், மூடும். 1954-இல் வந்த ஒரு அசாஹிஃப்ளெக்ஸ் மாதிரியில் கண்ணாடி தானே உடனடியாகக் கீழிறங்கக் கற்றுக்கொண்டது. அதன்பின் உலகமே இந்த வகைக்கு மாறியது. ஆனால் கண்ணாடி மேலே இருக்கும் அந்தச் சிறுபொழுது வியூஃபைண்டர் இருண்டிருக்கும். ஸ்ட்ரோப் மின்னுவதும் அதே பொழுதில்தான். ஆக, அறையிலிருக்கும் அத்தனை பேரும் காணும் மின்னலை, படம் எடுப்பவர் மட்டும் வியூஃபைண்டரில் காணமாட்டார். அந்தக் காலத்துத் தொழில்காரர்களிடம் ஒரு விதி இருந்தது: வியூஃபைண்டருக்குள் மின்னல் தெரிந்தால் படம் கெட்டுவிட்டது என்று பொருள். விளக்கு தவறான நேரத்தில் எரிந்திருக்கிறது.

ஷட்டரும் தன் பங்குக்குத் தொல்லை தந்தது. ஃபிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள். ஒன்று திறந்துகொண்டு ஓட, மற்றொன்று மூடிக்கொண்டு பின்தொடரும். வேகம் கூடினால், முதல் திரை முழுவதும் விலகும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். ஃபிலிமின்மேல் நகர்வது ஒரு கீற்று மட்டுமே. அந்நேரத்தில் மின்னலடித்தால் கீற்றின் அகலத்துக்குத்தான் படம், மீதி கறுப்புப் பட்டை. எனவே முழுச் சட்டமும் திறந்திருக்கும் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. 1959-இல் வந்த நிக்கான் எஃப்-இல் அந்த எல்லை 1/60. 1982-இல் எஃப்எம்2 அதை 1/200-க்கு உயர்த்தி, பின்னர் 1/250 ஆக்கியது. லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டர் கொண்ட ஹாசல்பிளாட் 500சி 1957-லேயே 1/500 வரை போனது. ஸ்டுடியோக்காரர்கள் அதன்மேல் கொண்ட பக்திக்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு குருட்டுத்தனத்துக்கு நடுவே கண் கொடுத்தது போலராய்டு. கேமராவின் முதுகில் பொருத்தி ஒரு சோதனைப் படம் எடுத்து, ஒரு நிமிடம் காத்திருந்து உரித்துப் பார்த்தால் வெளிச்சம் சரியா என்று தெரிந்துவிடும். 2008-இல் அந்த நிறுவனம் ஃபிலிம் உற்பத்தியை நிறுத்தியபோது பல ஸ்டுடியோக்களில் அது செய்தியாகக்கூட இல்லை. டிஜிட்டல் கேமராவின் பின்திரை அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தது.

அதே 2008-இல்தான் கண்ணாடியைத் தூக்கியெறிந்த பானசோனிக் ஜி1 வந்தது. 2013-இல் சோனி ஏ7, 2018-இல் கேனானும் நிக்கானும். நீங்கள் காண்பதே உங்களுக்குக் கிடைக்கும் என்பதுதான் இவற்றின் விளம்பரம். வெயிலில் அது உண்மை. ஸ்டுடியோவுக்குள் வந்ததும் முதல் வேலையாக அந்த உண்மையை அணைக்கவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்து மெனுவுக்குள் புதைத்திருக்கிறது. அணைத்துவிட்டால், கேமரா அளவுகளைக் கருதாமல், இருக்கிற வெளிச்சத்தைக் கூட்டிக் காட்சியைப் பிரகாசமாக்கிக் காட்டும். அந்தந்த நிறுவனத்தின் ஃபிளாஷைத் தலையில் பொருத்தினால் பல கேமராக்கள் தாமாகவே புரிந்துகொண்டு மாறிவிடும். நண்பரிடம் இருந்ததோ நடுவில் ஒற்றை ஊசி மட்டும் கொண்ட பழைய டிரிக்கர். தன் தலைமேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்பதே கேமராவுக்குத் தெரியாது.

இன்னொரு கண்ணி, சத்தமில்லாத மின்னணு ஷட்டர். சென்சாரின் வரிகளை மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பது அது. பல கேமராக்களில் முழுவதும் படிக்க 1/15 நொடிபோல ஆகிறது. பழைய கீற்றின் கதைதான், இன்னும் மெதுவாக. அதனால் பெரும்பாலான கேமராக்கள் அந்நிலையில் ஃபிளாஷை எரியவே விடுவதில்லை. புதிதாக வாங்கியவர்கள் விளக்கு பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 III இந்தத் திரைகளின் கதையையே முடித்துவைக்கப் பார்க்கிறது. சென்சாரின் எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் மூடுகின்றன. கீற்று இல்லை, ஒத்திசைவு எல்லை இல்லை. 1/80000 நொடியிலும் ஃபிளாஷ் வேலை செய்யும். ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்டுடியோ விளக்கின் மின்னல் ஆயிரத்தில் ஒரு நொடி நீடிக்கிறது. ஷட்டர் அதைவிடப் பலமடங்கு வேகமாக மூடிக்கொண்டால், மின்னலின் ஒரு சீவல்தான் படத்தில் விழும். மீதி வெளிச்சம் வீண். மின்னலின் குறுமையை ஷட்டராக்கினார் டால்பட். 170 ஆண்டுகள் கழித்து, மின்னல் சோம்பலாகவும் ஷட்டர் துரிதமாகவும் ஆகிவிட்டன. மேலும் இந்தச் சென்சாரின் அடிப்படை ஐஎஸ்ஓ 250. ஸ்டுடியோவில் விரும்பப்படும் 100 அல்ல. பாட்டிகளைப் படமெடுக்க இது தேவையில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து.

நண்பர் பதினைந்து நிமிடம் மெனுவைத் துழாவினார். பேரன் கைபேசியில் தேடி உதவினான். கடைசியில் அந்த வரி கிடைத்து, அதை அணைத்ததும், மாடலிங் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் பாட்டி வியூஃபைண்டருக்குள் வந்து உட்கார்ந்தார். “இப்பத் தெரியறீங்கம்மா” என்றார் நண்பர். பாட்டி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். முதல் படத்தில் கண் மூடியிருந்தது; இரண்டாவதிலும் அப்படித்தான். அதன்பின் நண்பர் கேமராவை முக்காலியில் வைத்துவிட்டு, கையில் டிரிக்கர் பொத்தானை மட்டும் வைத்துக்கொண்டு, நேராகப் பாட்டியின் முகத்தைப் பார்த்தபடி, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று பேச்சுக்கொடுத்தார். ஏழாவதோ எட்டாவதோ சரியாக வந்தது. பேரன் இரண்டு பிரதி கேட்டான். ஒன்று தன்னிடமே இருக்கட்டும் என்று பாட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.